பென்சிலில் எழுதிய தேதிகள்

என்னிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. வரப்போகும் புத்தகங்களை அதில் எழுதி வைப்பேன். இடப்பக்கம் புத்தகத்தின் பெயர், ஆசிரியர் பெயர். வலப்பக்கம் வெளிவரும் தேதி. பதினெட்டு வருடப் பழக்கம். முதல் நோட்டு தையல் பிரிந்து போய்விட்டது, இப்போது ஓடுவது மூன்றாவது. நூற்றுக்கணக்கான பெயர்களில் ஒன்றே ஒன்றுதான் மூன்று நோட்டுகளிலும் இருக்கிறது. முதல் நோட்டில் அதன் எதிரே 2015 என்று எழுதி அடித்திருக்கிறேன். கீழே 2017, அதுவும் அடிப்பு. அப்புறம் 2018. பேனாவால் அடித்து அடித்து அந்த இடத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது. இரண்டாவது நோட்டில் அதே பெயர், எதிரே ‘தேதி இல்லை’. சில பக்கங்கள் தள்ளி 2021. மூன்றாவது நோட்டில் 2024, பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக்.

வராத புத்தகத்துக்காகக் காத்திருப்பது எப்படி என்பதை எனக்கு அந்த ஒரு வரிதான் சொல்லிக்கொடுத்தது. பாதிக்கு மேல் நான் தப்பாகத்தான் காத்திருந்தேன். புதுப் புத்தகம் என்றாலே மனம் பரபரக்கும் ஆட்கள் என்னைப்போல நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அது மூன்று பாக நாவல். பெயரைச் சொன்னால் கதையையும் சொல்லும்படி ஆகும், இனிமேல் படிக்கப் போகிறவர்களுக்கு அது அநியாயம். அதனால் பெயர் வேண்டாம். முதல் பாகத்தை 2009-இல் அக்காதான் என் கையில் திணித்தாள். “ரெண்டு நாள்ல முடிச்சுட்டுக் குடு, எனக்குப் பேச ஆள் வேணும்” என்றாள். முடித்தேன். அதன் பிறகு ஒரு மாதம் எங்கள் பேச்செல்லாம் அந்த நாவல்தான். அந்தக் கிழவன் பொய் சொன்னானா, கடைசியில் கதவைத் திறந்தது யார், இதிலேயே அரை ராத்திரி போகும்.

இரண்டாம் பாகம் 2012-இல் வந்தது. அக்கா மூன்றே நாளில் முடித்துவிட்டாள். நான் தொடவில்லை. அந்த வருடம்தான் ஒரு சபதம் எடுத்திருந்தேன். தொடர் நாவல் எதுவானாலும் கடைசிப் பாகம் கைக்கு வந்த பிறகுதான் படிப்பது என்று. பாதியில் தொங்கும் கதையோடு வருடக்கணக்கில் அல்லாடுவானேன் என்ற கணக்கு.

“மூணும் வரட்டும்க்கா, ஒரே மூச்சா உட்கார்ந்து படிச்சுடறேன்.”

“அதுவரைக்கும் நான் யார்கிட்டடா பேசறது?”

அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் பாகம் 2015-இல் வரும் என்று அறிவித்திருந்தார்கள், மூன்றே வருடம். அது பன்னிரண்டு வருடமாகும் என்று யார் கண்டது?

அந்தச் சபதம் எடுத்தது நான் மட்டும் இல்லை என்று இப்போது தெரியும். 2011-இல் அமெரிக்க நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ தொடரில் ஐந்தாம் பாகம் வந்தது. ஆறாவதுக்காக உலகமே காத்திருந்தது. குறித்த கெடுவுக்குள் முடிக்க முடியவில்லை என்று 2016 ஜனவரியில் அவரே வெளிப்படையாக எழுதினார். அதன் பின் பல வாசகர்கள் ‘முடிந்த தொடரைத்தான் தொடுவேன்’ என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அதனால் அடிபடுவது மார்ட்டின் போன்ற பெரியவர்கள் இல்லை. முதல் பாகத்தோடு மேடையேறும் புது எழுத்தாளர்தான். முதல் பாகம் விற்கவில்லை என்றால் பதிப்பாளர் மூன்றாம் பாகத்துக்குக் கை நீட்ட மாட்டார். ‘முடிந்ததும் வாங்கிக்கொள்கிறேன்’ என்று எல்லோரும் நின்றுவிட்டால் முடியாமலே போகும். இது தெரிந்த நாளிலிருந்து முதல் பாகம் பிடித்திருந்தால் இரண்டாவதை வந்த வாரமே வாங்கிவிடுகிறேன்.

முதலில் தேதிகளைப் பற்றி. தேதி என்றால் வாக்குறுதி என்று நெடுநாள் நினைத்திருந்தேன். நோட்டில் பேனாவால் எழுதியதே அதனால்தான். அந்தத் தேதி எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தபோது கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. ஒரு புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் என்ற அடையாள எண் வாங்குவதற்குக் கையெழுத்துப் பிரதி முடிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒப்பந்தம் ஆனதும் எண்ணைப் பதிந்து, தகவல் தொகுப்பில் ஏற்றி, கடைகளுக்கு அனுப்பிவிடலாம். அந்தப் படிவத்தில் தேதிக் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்பதால் ஏதோ ஒரு தேதியைப் போட்டு வைப்பார்கள். டிசம்பர் 31, ஜனவரி 1 மாதிரித் தேதிகளைப் பார்த்தால் அது இடம் நிரப்பப் போட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பக்க எண்ணிக்கையும் அப்படித்தான். சரியாக 320, 400 என்று முழு எண்ணாக நிற்கும்; உள்ளே ஒரு பக்கம்கூட எழுதாமல் இருக்கலாம்.

நம்பத் தகுந்த அடையாளங்கள் வேறே. கையெழுத்துப் பிரதி முழுதாகக் கொடுத்தாகிவிட்டது என்று ஆசிரியரே சொல்வது அதில் முதலாவது. அதற்கு அப்புறமும் பெரிய பதிப்பகங்களில் பெரும்பாலும் ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை பிடிக்கும். எடிட்டர் படித்துத் திருத்தம் சொல்ல வேண்டும், ஆசிரியர் மாற்றி எழுத வேண்டும், வரிக்கு வரி செம்மை பார்க்க வேண்டும். பக்கம் வடிவமைத்து, அச்சுக்கு முந்திய மெய்ப்பில் பிழை பார்த்து, பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்குப் போட்டு அச்சுக்குப் போக வேண்டும். மெய்ப்புப் பிரதி விமர்சகர்கள் கைக்குப் போய்விட்டது, ஒலிநூலுக்குக் குரல் கொடுப்பவர் பெயர் வந்துவிட்டது என்றால் புத்தகம் ஏறக்குறைய நிச்சயம். அட்டைப்படம் மட்டும் வெளியாவதை நான் இப்போது நம்புவதில்லை. எழுதி முடிக்காத நாவலுக்குக்கூட அழகான அட்டை தயாராகிவிடும்.

ஆகவே இப்போது தேதியைப் பென்சிலில்தான் எழுதுகிறேன். புத்தகம் கைக்கு வந்த அன்றுதான் பேனா. சின்ன மாற்றம்தான். ஆனால் ஒரு தேதியை ரப்பரால் அழித்து இன்னொன்றை எழுதும்போது, அடித்துக் கிழித்தபோது வந்த அந்த எரிச்சல் வருவதில்லை.

எரிச்சல் என்றதும் அந்தக் கடிதத்தைச் சொல்லியாக வேண்டும். 2018-உம் தள்ளிப்போனபோது அந்த நாவலாசிரியருக்கு, பதிப்பகத்தின் முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் பத்தி பாராட்டு. இரண்டாம் பத்தியில், ‘வாசகர்களை ஏமாற்றுவது உங்களுக்குப் பழகிவிட்டதா’ என்று ஒரு வரி. அந்த வரி வார்த்தைக்கு வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. மறக்க முடிந்தால் நன்றாக இருக்கும். பதில் வரவில்லை. ஆறு வருடம் கழித்துப் புத்தகம் வந்தபோது அதன் நன்றியுரையைப் படித்தேன். எழுதி முடித்த ஏறக்குறைய 600 பக்கங்களை, கதை பொய்யாகத் தோன்றியதால் அப்படியே ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கியதாக அவர் எழுதியிருந்தார். எந்த வருடம் என்று பார்த்தேன், 2018. நான் ஏமாற்று என்று எழுதிய அதே வருடத்தில் அந்த மனிதர் 600 பக்கத்தைத் தூக்கி வைத்துவிட்டு வெற்றுத் தாளின் முன் உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு அவருக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். அதில் என்ன எழுதினேன் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் இருக்கட்டும்.

தாமதம் என்றால் என்ன என்பதை அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் நூத்தின் கதையைப் படித்தபோதுதான் முழுசாக விளங்கிக்கொண்டேன். நாம் எழுதும் நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதித் தரச் சொல்லி 1962-இல் அவரைக் கேட்டார்கள். அது வளர்ந்து, கணினி நிரலாக்கம் பற்றிய ஏழு பாகத் திட்டமாகிவிட்டது. 1968, 1969, 1973 என்று முதல் மூன்று பாகங்களும் மளமளவென்று வந்தன. பிறகு, 1977-இல், இரண்டாம் பாகத்தின் மறுபதிப்புக்கான மெய்ப்பு வந்தது. அச்சுக்கோக்கும் முறை மாறியிருந்ததால் எழுத்துகள் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் என்ன செய்தார்? எழுதுவதை நிறுத்திவிட்டு, புத்தகத்தை அழகாக அச்சிடுவதற்கென்றே ஒரு மென்பொருளை உருவாக்க உட்கார்ந்துவிட்டார். சில மாதத்தில் முடியும் என்று நினைத்த வேலை சுமார் பத்து வருடத்தை விழுங்கியது. அதுதான் டெக். இன்றைக்கும் உலகெங்கும் கணிதக் கட்டுரைகளும் நூல்களும் பெரும்பாலும் அதில்தான் வடிவம் பெறுகின்றன. நான்காம் பாகத்தின் முதல் தொகுதி 2011-இல் வந்தது, அடுத்த தொகுதி 2022-இல். மூன்றாம் பாகத்தைப் படித்துவிட்டு நான்காவதுக்குக் காத்திருந்த ஒருவருக்கு 38 வருடம்! அவர் காத்திருந்த புத்தகம் நேரத்துக்கு வரவில்லை, ஆனால் அந்த இடைவெளியில் பிறந்த ஒன்றை உலகமே எடுத்துப் புழங்கியது.

ராபர்ட் காரோவும் அப்படி ஒருவர். அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை 1982, 1990, 2002, 2012 என்று நான்கு பாகமாகக் கொண்டுவந்திருக்கிறார். ஐந்தாவதை எழுதிக்கொண்டிருக்கிறார். 1935-இல் பிறந்தவர். முதல் பாகத்துக்காக, ஜான்சன் வளர்ந்த டெக்சாஸ் மேட்டு நிலத்துக்கே குடிபெயர்ந்து சுமார் மூன்று வருடம் அங்கே வாழ்ந்தார். வந்து போகிறவரிடம் அந்த மக்கள் மனம் திறந்து பேச மாட்டார்கள் என்பது காரணம். அப்படி எழுதுகிறவரிடம் போய்த் தேதி கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. அவருடைய ஐந்தாம் பாகம் என் நோட்டில் இருக்கிறது. எதிரே தேதிக் கட்டம் காலி.

நூத்தும் காரோவும் எனக்குத் தந்த தைரியத்தில்தான் நோட்டில் இன்னொரு கட்டம் சேர்த்தேன். ‘இது எனக்கு ஏன் வேண்டும்’ என்று ஒரே ஒரு வரி. பெயரை எழுதும்போதே காரணத்தையும் எழுதிவிட வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து அந்தக் கட்டத்தை மட்டும் படிப்பேன். ‘எல்லோரும் பேசுகிறார்கள்’ என்று எழுதிய புத்தகங்களில் முக்கால்வாசிக்கு அடுத்த வருடமே ஆர்வம் வற்றியிருக்கும். அவற்றை நீக்கிவிடுவேன். ‘அந்தக் கிழவன் பொய் சொன்னானா என்று தெரிய வேண்டும்’ என்ற வரி கடைசி வரைக்கும் அப்படியே பச்சையாக இருந்தது. எது வேட்கை, எது வெறும் பரபரப்பு என்று அந்த ஒரு வரி எனக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதோடு இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. ஒரு புத்தகம் தள்ளிப்போகும் ஒவ்வொரு தடவையும் அதே ஆசிரியருடைய பழைய புத்தகம் ஒன்றை எடுப்பேன். யாரும் பேசாத முதல் சிறுகதைத் தொகுப்பு, கட்டுரைகள், மொழிபெயர்ப்பு, எது கிடைத்தாலும். அந்த நாவலாசிரியரின் பழைய கட்டுரைத் தொகுப்பு ஒன்றை 2017-இல் அப்படித்தான் கண்டுபிடித்தேன். அது எனக்கு அவருடைய நாவல்களைவிட ஒரு படி மேல். புத்தகம் சொன்ன நாளில் வந்திருந்தால் அந்தக் கட்டுரைகளை நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

ஆவலில் ஒரு தடவை வசமாக ஏமாந்தும் இருக்கிறேன். 2021-உம் தள்ளிப்போயிருந்த நேரம். ஒரு நாள் இணையக் கடையில் தேடினால் மூன்றாம் பாகம் மின்நூலாகக் கிடைக்கிறது என்று வந்தது. அட்டை இருந்தது, ஆசிரியர் பெயர் இருந்தது. கை நடுங்க வாங்கிவிட்டேன். முதல் பக்கத்திலேயே ஏதோ உறுத்தியது. நாயகியின் ஊர் மாறியிருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரே வாக்கியம் வேறு வேறு சொற்களில் மூன்று தடவை வந்தது. திரும்பப் போய் ஆசிரியர் பெயரைக் கூர்ந்து பார்த்தேன்: ஓர் எழுத்து கூடுதல். யாரோ இயந்திரத்தைக் கொண்டு உப்புச் சப்பில்லாமல் எழுதவைத்து, காத்திருக்கும் வாசகனின் பசியை வைத்துக் காசு பார்த்திருக்கிறார்கள். நெடுநாள் தள்ளிப்போன புத்தகங்களைச் சுற்றி இந்த மாதிரிப் போலிகள் முளைக்கின்றன. இப்போதெல்லாம் பதிப்பகத்தின் பட்டியலில் இருக்கிறதா, ஆசிரியர் அறிவித்திருக்கிறாரா என்று இரண்டு இடத்தில் பார்க்காமல் நான் காசு கொடுப்பதில்லை. எந்த அறிவிப்பும் இல்லாமல் திடீரென்று குதித்த புத்தகம் என்றால் ஒரு நாள் பொறுத்திருப்பது நல்லது. அசல் புத்தகமென்றால் மறுநாளும் அங்கேதான் இருக்கும்.

முன்பதிவு பற்றி ஒரு வார்த்தை. புதிய எழுத்தாளரின் புத்தகமென்றால் முன்பதிவு செய்துவிடுங்கள். எத்தனை பிரதி அடிக்கலாம், கடையில் எந்த வரிசையில் வைக்கலாம் என்று பதிப்பாளரும் கடைக்காரரும் முடிவெடுக்கும்போது அந்த எண்ணிக்கை பேசும். பல விற்பனைப் பட்டியல்களில் முன்பதிவெல்லாம் முதல் வாரக் கணக்கில் சேரும். வாங்க வசதியில்லை என்றால் நூலகத்தில் சொல்லுங்கள். வாங்க வேண்டிய புத்தகங்களை உறுப்பினர்களே பரிந்துரைக்க நிறைய நூலகங்கள் இடம் தருகின்றன. தேதி தெளிவில்லாத புத்தகத்துக்கு மட்டும் முன்கூட்டிப் பணம் கட்டாதீர்கள். நான் கட்டி, பதிவு ரத்தாகி, பணம் திரும்ப வர ஐந்து மாதம் அலைந்திருக்கிறேன்.

இனி அக்காவைப் பற்றி.

2019-இல் அவள் கண்ணில் நடுப்பார்வை மங்கத் தொடங்கியது. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டே வரும் நோய். ஓரத்தில் எல்லாம் தெரியும், நேரே பார்க்கிற இடம் மட்டும் புகை மூடினாற்போல் இருக்கும். படிக்க வேண்டிய எழுத்து அந்தப் புகைக்குள்தான் இருக்கும். முதலில் பெரிய எழுத்து, பிறகு உருப்பெருக்கி, பிறகு கைப்பேசித் திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல். 2022-இல் அதுவும் முடியாமல் போயிற்று. வாழ்நாள் முழுக்கப் படித்தவள். ஒரு நாள் தொலைபேசியில் சாதாரணமாகச் சொன்னாள்:

“அந்த ரெண்டாம் பாகம் இன்னும் உன் அலமாரியிலதானே இருக்கு? எடுத்து எனக்கு வாசிச்சுக் காட்டேன். மறுபடி ஒரு தடவை கேக்கணும்.”

எடுத்தேன். பத்து வருடம் பிரிக்காமல் வைத்திருந்ததில் மேலே சுற்றிய கண்ணாடித்தாள் மஞ்சளித்து, நகம் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே தாளெல்லாம் புத்தம் புதிது. முதுகு மடங்கும்போது படக்கென்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பத்து வருடம் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டிய சத்தம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓர் அத்தியாயம். எனக்கு அது முதல் வாசிப்பு. அவளுக்குக் கதை தெரியும். முக்கியமான திருப்பம் வரும் பக்கங்களில் மறுமுனையில் மூச்சுக்கூடக் கேட்காது. நான் வாசித்துக்கொண்டே போய், விஷயம் புரிந்து, சட்டென்று நிறுத்துவேன். “ம்… தெரிஞ்சுதா?” என்பாள். அவள் குரலில் அப்படி ஒரு குதூகலம். பத்து வருடமாக அந்த இடத்தைப் பற்றி என்னோடு பேசுவதற்குப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள். நான் படிக்கவில்லை என்பதால் ஒரு சொல்கூட விட்டதில்லை.

நான் இழந்தது புத்தகத்தை இல்லை, அது அலமாரியிலேயே இருந்தது. அதைப் பற்றி அவளோடு பேசியிருக்க வேண்டிய பத்து வருடப் பேச்சை இழந்தேன். அவள் கண்ணுக்கு அருகே புத்தகத்தைப் பிடித்து, ‘இங்கே பார், இந்த வரியைப் பார்’ என்று காட்டியிருக்கக்கூடிய பத்து வருடம். பாதியில் நிற்கும் கதை தரும் தவிப்பைத் தவிர்க்கத்தானே அந்தச் சபதம் எடுத்தேன்? அக்கா அந்தத் தவிப்பை விரும்பி எடுத்துக்கொண்டாள். இரண்டாம் பாகத்தை மூன்று தடவை படித்தாளாம், மூன்றாம் பாகத்தில் என்ன நடக்கும் என்று தனக்குத்தானே ஏழெட்டுக் கதைகளைக் கட்டி வைத்திருந்தாளாம். ஒன்றையும் என்னிடம் சொல்ல முடியவில்லை. இப்போது நான் எந்தத் தொடரையும் முடியட்டும் என்று ஒத்திப் போடுவதில்லை.

வாசிக்க ஆரம்பித்தபோது முதல் பாகமே எனக்குப் பாதி மறந்திருந்தது. அதற்கும் அவளிடம் வழி இருந்தது. அந்தக் காலத்தில் முதல் பாகத்தைப் படித்த கையோடு அதன் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் குறிப்பு எழுதி வைத்திருக்கிறாள். யார் யாருக்கு என்ன உறவு, யாரிடம் எந்தச் சாவி, யாருக்கு எந்த விஷயம் தெரியும், யாருக்குத் தெரியாது. பொடி எழுத்தில் ஒரே பக்கம். கீழே கோடு போட்டு, ‘இன்னும் விடை தெரியாதவை’ என்று ஐந்து கேள்விகள். தொடர் நாவல் படிக்கிறவர்களுக்கு இதைவிட உபயோகமான பழக்கம் வேறு இல்லை என்பேன். சுருக்கம் இணையத்தில் கிடைக்கும்தான், ஆனால் அதை எழுதுகிறவர் உங்கள் மனதில் நின்ற கேள்வியை எழுத மாட்டார். முடித்த அன்றே எழுதிவிட வேண்டும், ஒரு வாரம் தாண்டினால் பெயர்கள் கலங்கிவிடும். இரண்டாம் பாகத்துக்கு அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஐந்து கேள்விகளில் இரண்டுக்கு விடை வந்திருந்தது, புதிதாக நான்கு சேர்ந்திருந்தன.

மூன்றாம் பாகம் 2024 செப்டம்பரில் வந்தது. பொட்டலத்தை வாசலில் நின்றபடியே பிரித்தேன். புதுப் புத்தகத்தில் நான் முதலில் பார்ப்பது உரிமைப் பக்கம். ‘முதல் பதிப்பு’ என்ற அந்த இரண்டு சொல்லை விரலால் ஒரு தடவை தடவிப் பார்ப்பேன். இத்தனை வருடம் பென்சிலில் இருந்தது அச்சில் இருக்கிறதே என்ற சந்தோஷம். நன்றியுரையை அன்று இரவு படித்தேன். முதல் பத்தியைப் படிக்கவில்லை, அதை அக்காவும் நானும் சேர்ந்துதான் கேட்க வேண்டும்.

இந்தப் பாகம் ஒலிநூலாகவும் வந்திருந்தது. நல்ல குரல், தேர்ந்த நடிகர். “அது உனக்கு வசதியா இருக்கும்க்கா, ராத்திரி பகல்னு எப்ப வேணும்னாலும் கேக்கலாம்” என்று வாங்கி அனுப்பினேன். பத்து நிமிடம் கேட்டிருக்கிறாள்.

“குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா நடுவுல நிறுத்தி யார்கிட்டடா சண்டை போடறது? நீயே வாசி.”

புதியதன் மீது எனக்கிருக்கும் இந்த ஆசையைச் சிலர் குறைவாகப் பேசுவதுண்டு. ‘காலத்தில் நின்ற பழைய நூல்கள் இருக்க, வராத புத்தகத்துக்கு ஏன் இந்தத் தவம்’ என்பார்கள். பழையவற்றை நானும் படிக்கிறேன். ஆனால் அவையும் ஒரு நாள் யாரோ காத்திருந்து வாங்கியவைதாம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்தபோது அடுத்த இதழுக்காகத் துடித்தவர்கள் இருந்தார்கள். அதே 1954 டிசம்பரில் கல்கி மறைந்தபோது ‘அமரதாரா’ பாதியில் நின்றது. அவர் மகள் ஆனந்திதான் அதை எழுதி முடித்தார். ‘வீல் ஆஃப் டைம்’ என்ற நீண்ட தொடரை எழுதிவந்த ராபர்ட் ஜோர்டன் 2007-இல் இறந்தபோது அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் மூன்று புத்தகங்கள் எழுதி, 2013-இல் அந்தத் தொடரைக் கரை சேர்த்தார். கிரிம் சகோதரர்கள் 1838-இல் தொடங்கிய ஜெர்மன் அகராதி முடிந்தது 1961-இல். அண்ணன் யாக்கோப் 1863-இல் ‘ஃப்ருக்ட்’, அதாவது கனி என்ற சொல்லை எழுதிக்கொண்டிருக்கும்போது இறந்தார். அந்த இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்ந்தார், அவருக்குப் பின் இன்னொருவர். வாசகன் காத்திருக்கிறான் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் எழுதுகிறவர் எதைப் பிடித்துக்கொண்டு எழுதுவார்?

என் நோட்டில் 2114 என்று ஒரு தேதி இருக்கிறது. அதை மட்டும் பேனாவால் எழுதியிருக்கிறேன். நார்வேயின் ஆஸ்லோவுக்கு அருகே ஒரு காட்டில் 1,000 மரக்கன்றுகள் நட்டு, 2014 முதல் வருடத்துக்கு ஓர் எழுத்தாளரிடம் ஒரு படைப்பை வாங்கி, யாரும் படிக்காமல் நூலகத்தில் பூட்டி வைக்கிறார்கள். நூறு வருடம் கழித்து அந்த மரங்களிலிருந்து தாள் செய்து அச்சிடுவார்களாம். முதலில் எழுதிக் கொடுத்தவர் கனடா நாவலாசிரியர் மார்கரெட் அட்வுட். அவற்றில் ஒன்றையும் நான் படிக்கப் போவதில்லை. ஆனாலும் அந்தத் தேதியை எழுதியபோது எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. அக்காவிடம் சொன்னேன். “நல்லதாப் போச்சு, யாரோ பிறக்கப் போற குழந்தைக்கு இப்பவே புத்தகம் ரெடி” என்றாள்.

மூன்றாம் பாகம் 52 அத்தியாயம். ஒரே மூச்சாக முடித்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். அக்கா விடவில்லை. பாதி ஞாயிறுகளில் போன வாரம் வாசித்ததையே மறுபடி வாசிக்கச் சொன்னாள். இரண்டு ஞாயிறு முழுக்கச் சண்டையிலேயே போயிற்று. கிழவன் பொய் சொன்னானா என்பது 49-ஆம் அத்தியாயத்தில் தெரிந்துவிட்டது. அவள் சொன்னதுதான் சரி, 2009-இலிருந்தே. நோட்டில் ‘ஏன் வேண்டும்’ கட்டத்தில் இருந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தாள். பிறகு வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

போன வாரம் 51 முடிந்தது. மணி எட்டுதான் ஆகியிருந்தது, குரலும் தெம்பாக இருந்தது. “கடைசியையும் இப்பவே வாசிச்சுடட்டுமா?” என்றேன்.

“வேண்டாம்டா. பதினஞ்சு வருஷம் இருந்தாச்சு, இன்னும் ஒரு வாரம் இருப்போம். அதுக்குள்ள கதவைத் திறந்தது யார்னு நீ யோசிச்சு வை, நானும் யோசிச்சு வைக்கிறேன்.”

யோசித்து வைத்திருக்கிறேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. பக்கம் 587-லிருந்து.